3 லட்சம் தருகிறார்கள் என்பதற்காக 3 லட்சமும் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. பேராவூரணி பக்கம் கிராமம். நானும் மாமியாரும் தென்னை ஈர்க்கு விளக்குமாறு கட்டுகிறோம். கணவர் (47) மத்து, அகப்பை கடைவார். கஜா புயலில் தோப்புகள் விழுந்ததிலிருந்து ஈர்க்கை வியாபாரியிடம்தான் வாங்குகிறோம். அவரிடம் 25,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதால் கிலோ 40 ரூபாய்க்கு அவர் கொடுப்பதை எடுத்து, விளக்குமாறு ஒன்று 38 ரூபாய்க்கு அவருக்கே கொடுக்கிறோம். மாதம் 700 கட்டுவோம். ஒன்றுக்கு அரைக் கிலோ ஈர்க்கு ஆகும். வெளியில் 3 வட்டிக்கு 40,000 கடன் இருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் கடன் வாங்கி, மரம் கடையும் கடைசல் மெஷினும் பழைய வேன் ஒன்றும் எடுத்து, வெளிக் கடனையும் அடைத்துவிடலாமா?

பதில்: மெஷின் சரி. வேன் வேண்டாம். வெளிக் கடனை அடைக்க வேறு வழி இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

முதலில் வியாபாரி. அவர் முன்பணத்துக்கு வட்டியே கேட்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ரொக்கம் கொடுத்தால் இதே ஈர்க்கு கிலோ 34 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு தடவை படித்த வரி அதுதான். மாதம் 350 கிலோவுக்கு கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் 2,100 ரூபாய். வருடத்துக்கு 25,200. வாங்கிய முன்பணத்தை வருடா வருடம் முழுசாகத் திருப்பிக் கட்டுகிறீர்கள், அசல் மட்டும் அப்படியே நிற்கிறது. இதில் விளக்குமாற்றை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருப்பதைச் சேர்க்கவில்லை. சந்தையில் ஒன்று 60 ரூபாய்க்குப் போகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து அந்த 40,000. 3 வட்டி என்றால் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. தொழில் கடன் வாங்கி இதை அடைக்கக் கூடாது. அந்தப் பணம் தொழிலுக்கென்று தருவது; வங்கியில் பில் கேட்பார்கள். வீட்டில் மூன்று பவுன் இருக்கிறது என்கிறீர்களே, அதைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து 65,000 வாங்குங்கள். 40,000 வெளிக் கடனுக்கு, 25,000 வியாபாரிக்கு. நகைக் கடன் வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 6,500தான். மகள் கல்யாணத்துக்கு வைத்த நகை என்று தயங்குவீர்கள், தெரியும். பீரோவில் இருக்கும்போது அது உங்களுக்கு வருடம் 33,000 ரூபாய் நஷ்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது திட்டம். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் இருக்கின்றன. துடைப்பம் கட்டுவதும் மரவேலையும் அதில் வரும். வயது 35 ஆகியிருக்க வேண்டும். கடன் 3 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், ஆனால் 50,000க்கு மேல் கிடையாது. கூடவே 5 சதவீத வட்டி மானியம். கணக்குப் பாருங்கள்: 2 லட்சத்திலேயே மானியம் 50,000 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் ஒரு லட்சத்துக்கு மானியமே இல்லை.

உங்களுக்கு 1 லட்சம் போதும். மெஷின் 60,000. கணவர் இப்போது பட்டறை மெஷினில் கடைவதற்கு உருப்படிக்கு 6 ரூபாய் வீதம் மாதம் 3,000 கொடுக்கிறார். 20 மாதத்தில் மெஷின் விலை வந்துவிடும். வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள், மின்வாரியத்தில் குடிசைத் தொழில் கட்டணம் கேட்டு வாங்குங்கள். மீதி 40,000க்கு ஈர்க்கு. மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்காமல், சித்திரை வைகாசியில் நன்றாகக் காய்ந்த சரக்காகப் பார்த்து எடுத்துப் பரணில் ஏற்றுங்கள். ஐப்பசி மழையில் ஈரமான ஈர்க்கை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், பூஞ்சை வேறு பிடிக்கும். மானியம் 25,000 போக மிச்சத்தை மூன்று வருடத்தில் கட்டினால் தவணை மாதம் 2,500க்குள் அடங்கும்.

வேன் ஏன் வேண்டாம்? மாதம் 150 விளக்குமாறு சந்தைக்குப் போனால் வியாபாரி விலையைவிட 3,300 கூடுதல். வாரம் ஒரு நாள் லோடு ஆட்டோவில் போட்டு, சந்தைச் சுங்கமும் கட்டினால் மாதத்துக்கு 800 செலவு. வேனுக்கு டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) என்று பார்த்தால் அந்த 3,300ம் போய், கையிலிருந்தும் போகும். மிச்சம் 550ஐ வியாபாரிக்கே கொடுங்கள், சண்டை வேண்டாம். முன்பணம் இல்லாதபோது 38ஐ 41 ஆக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஓய்வூதியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடல் பென்ஷன் யோஜனாவில் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் அது தாண்டிவிட்டது. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் இருவரும் பதிவு செய்யுங்கள், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். கடைசல் மெஷினில் கை வைக்கப்போகிறவர் கணவர், அவருக்கு இரண்டையும் இந்த மாதமே போடுங்கள்.

திட்டக் கடனுக்கு விண்ணப்பிக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு மெஷினுக்கான விலைப்புள்ளியும் கொண்டுபோங்கள். அதற்கு முன் நகைக் கடன் வேலையை முடித்துவிடுங்கள். பொங்கலுக்கு வீடு கூட்டித் துடைக்கும் மார்கழியில்தான் விளக்குமாறு அதிகம் போகும்; அந்தச் சரக்கையாவது இந்த வருடம் உங்கள் விலைக்கு விற்க வேண்டும்.