பேட்ச் கேள்விகள்: வி4 நண்பருக்கும் மற்றவர்களுக்கும்

கோடில் செய்த மாற்றத்தை மட்டும் காட்டும் கோப்புதான் பேட்ச். அதை மடலில் அனுப்புவது, மற்றவர் தன் கோடில் சேர்ப்பது (அப்ளை) பற்றி வந்த கேள்விகள் இவை. வி1, வி2 என்பவை அதன் பதிப்புகள்; நான்காம் பதிப்பு வரை அனுப்பியவர்தான் வி4 நண்பர்.

கே: என் பேட்ச் "அப்ளை ஆகவில்லை" என்று மெயின்டெய்னர் (திட்டத்தின் கோடைப் பராமரிப்பவர்) ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டார். என் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

ப: உங்கள் கணினியில் இருப்பது நீங்கள் எழுதிய கோட். அவருக்குப் போனது உங்கள் மெயில் நிரல் கைவைத்த கோட். பிரவுசரில் மெயில் எழுதும் பெட்டியில் ஒட்டி அனுப்பியிருப்பீர்கள். டேப் எல்லாம் ஸ்பேஸாகியிருக்கும், நீள வரிகள் 78 எழுத்துக்குப் பக்கத்தில் மடிந்திருக்கும். கோட் பதிப்புகளைப் பேணும் கிட் நிரலில் பேட்சை மடலாக அனுப்பும் கட்டளை உண்டு, கிட் சென்ட்-ஈமெயில். அதைப் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்னால் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, வந்த மடலைச் சேமித்து, புதுக் கிளையில் கிட் ஏஎம் (மடலில் வந்த பேட்சைக் கோடில் சேர்க்கும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அப்படியும் அப்ளை ஆகாவிட்டால், நீங்கள் பழைய கிளையின் மேல் எழுதியிருக்கிறீர்கள். பேட்ச் கோப்பை உருவாக்கும் ஃபார்மேட்-பேட்ச் கட்டளையைக் கொடுக்கும்போது பேஸ் விருப்பத்தைச் சேர்த்தால், எந்தக் கமிட்டின் (கிட்டில் பதிந்த மாற்றத்தின்) மேல் எழுதியது என்பது மடலிலேயே வந்துவிடும்.

கே: பேட்சை இணைப்பாக அனுப்பலாமா?

ப: திட்டத்தைப் பொறுத்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலில் வேண்டாம். அங்கே வரிக்கு வரி மேற்கோள் காட்டித்தான் ரிவ்யூ செய்வார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டத்தில் இணைப்புதான் வழக்கம்.

கே: கிட் வேலை செய்யவில்லை, அவசரம், உதவவும்.

ப: எந்தக் கட்டளை? என்ன பிழைச்செய்தி? இவை இல்லாமல் அவசரத்தை மட்டும் அனுப்பினால் நான் என்ன செய்வது?

கே: ஐந்து நாளில் வி4 வரை அனுப்பிவிட்டேன். முதலில் பதில் எழுதியவர்கள்கூட இப்போது எழுதுவதில்லை. மடல்களை இணைத்திருக்கிறேன்.

ப: படித்தேன். வி2, வி3, வி4 மூன்றிலும் "பிழைகள் திருத்தப்பட்டன" என்று ஒரே வரி. எந்தப் பிழை? யார் சுட்டிக்காட்டியது? எந்தப் பேட்சில்? உங்கள் தொடரில் ஆறு பேட்ச். வி1ஐ ஒருவர் மாலை முழுக்க உட்கார்ந்து படித்து, 3ஆம் பேட்சில் பிழை வந்தால் வெளியேறும் பாதையில் லாக் (மற்ற பகுதிகள் குறுக்கிடாமல் போடும் பூட்டு) விடுவிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். அதை வி2வில் திருத்தியும் இருக்கிறீர்கள், இரண்டுக்கும் வித்தியாசம் காட்டும் டிஃப் எடுத்துப் பார்த்தேன். ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? ஆறையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். யார் படிப்பார்கள்?

"வி2: 3ஆம் பேட்ச், பிழைப் பாதையில் லாக் விடுவிப்பு சேர்க்கப்பட்டது. மற்றவை மாறவில்லை." இதை எழுத எவ்வளவு நேரமாகும்? தொடரின் முகப்பு மடலில் எழுதுங்கள். ஒரே பேட்ச் என்றால் கமிட் செய்தியை அடுத்து வரும் மூன்று ஹைஃபனுக்குக் கீழே எழுதுங்கள். கிட் ஏஎம் அதை விட்டுவிடும், கமிட் செய்தியில் குப்பை சேராது. தொடரின் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை மட்டும் ஒட்டிவிட்டு விளக்கம் எழுதாமல் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம், வி3இல் மாறிய ஒரு பேட்சை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். மாறியது ஒன்றே ஆனாலும் தொடர் முழுதும் போக வேண்டும். இல்லையென்றால் வி2விலிருந்து ஐந்து, வி3இலிருந்து ஒன்று என்று மெயின்டெய்னர் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். வி2வுக்குக் கிடைத்த ரிவ்யூட்-பை குறியையும் (படித்துச் சரி என்றவர் பெயரைச் சொல்லும் வரி) வி4இல் தொலைத்துவிட்டீர்கள். கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்? பேட்ச் பெரிதாக மாறியிருந்தால் குறியை எடுக்கலாம், ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டு.

இப்போது வி5ஐ உடனே தட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். பிறகு தனி இழையாக, மாற்றப் பட்டியலோடு அனுப்புங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கே: சைன்ட்-ஆஃப்-பை போட்டால் நான் ரிவ்யூ செய்ததாக ஆகுமா?

ப: ஆகாது. அந்தக் கோடை அந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. கெர்னலில் 2004இல் வந்தது. அடுத்தவர் பெயரில் எந்தக் குறியையும் அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கே: சின்னத் திட்டம் ஒன்றின் மெயின்டெய்னர் நான். பேட்ச்கள் வரும்போது இன்பாக்ஸில் நட்சத்திரம் போட்டு வைக்கிறேன். பாதி காணாமல் போகிறது.

ப: வாரத்துக்குப் பத்துப் பதினைந்து என்றால் தனி ஃபோல்டரும் ஒழுங்கும் போதும். அதற்கு மேல் என்றால் பேட்ச்வொர்க் நிறுவுங்கள். மெயிலிங் லிஸ்டுக்கு வரும் ஒவ்வொரு பேட்சையும் தானே பிடித்து, புதியது, ரிவ்யூவில் இருப்பது, மாற்றம் கேட்டது, ஏற்றது, புதிய பதிப்பு வந்துவிட்டது என்று நிலை காட்டும். வந்த குறிகளையும் சேர்த்து வைக்கும். ஆனால் நிலையை மாற்றுவது பெரும்பாலும் உங்கள் வேலை. அதைச் செய்யாமல் விட்டு, நூற்றுக்கணக்கான பேட்ச் "புதியது" என்றே தூங்கும் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மடல்கள் பப்ளிக்-இன்பாக்ஸ் (மெயிலிங் லிஸ்ட் மடல்களைச் சேமிக்கும் நிரல்) காப்பகத்தில் இருந்தால் பி4 கருவியும் உதவும். மடலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடி கொடுத்தால் தொடர் முழுவதையும் ரிவ்யூ குறிகளோடு ஒரே கோப்பாகத் தந்துவிடும். ஏற்றதும் "எடுத்துக்கொண்டேன்" என்று பதில் போடுங்கள். உங்கள் பாதித் தலைவலி அந்தப் பதில் இல்லாததால்தான்.

கே: 1,800 வரி பேட்ச். பிரிக்க வேண்டுமா?

ப: வேண்டும். பெயர் மாற்றம் ஒரு பேட்ச், நடத்தை மாற்றம் வேறு பேட்ச். ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், இல்லையென்றால் பிழை நுழைந்த கமிட்டைத் தேடக் கிட் பைசெக்ட் ஓட்டுபவர் உங்களைத் திட்டுவார்.

கே: பதில் வராவிட்டால் எப்போது நினைவூட்டலாம்?

ப: ஒரு வாரம் கழித்து, அதே இழையில், ஒரே வரியில். கெர்னலில் மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) திறந்திருக்கும் இரண்டு வாரமும் வாயைத் திறக்காதீர்கள். வி4 நண்பரும் இதைப் படிக்கட்டும்.

கே: கிட் ஏஎம் பாதியில் நின்றுவிட்டது. கையால் திருத்திச் சேர்க்கலாமா?

ப: முதலில் அபார்ட் (பாதியில் நின்றதை ரத்து செய்யும் விருப்பம்) கொடுத்து வெளியே வந்து, பேட்ச் எழுதிய மூலப் பதிப்பையும் ஒப்பிடும் மூன்று வழி விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு வரி மோதல் என்றால் நீங்களே தீர்த்து, அதைக் கமிட் செய்தியில் குறித்துவிடலாம். பெரிது என்றால் மறுபடி அபார்ட் கொடுத்து, ரீபேஸ் செய்து (இன்றைய கோடின் மேல் மாற்றி அமைத்து) தரும்படி அனுப்பியவரையே கேளுங்கள். அந்தக் கோட் அவருக்குத்தான் தெரியும்.