சீட்டில்லாமல் கொடுத்த மங்கு கிரீம்: வழக்கு யார் மீது?

கேள்வி: கன்னத்தில் மங்கு வந்ததால் பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு டியூபைக் கொடுத்து, "ராத்திரி தடவுங்க, ஒரு மாசத்துல போயிடும்" என்றார்கள். பத்து மாதம் தொடர்ந்து வாங்கித் தடவினேன். இப்போது முகம் சிவந்து எரிகிறது, நரம்பு தெரிகிறது, முடி வளர்கிறது. ஸ்டீராய்டு செய்த வேலை என்கிறார் தோல் மருத்துவர். பில் எதுவும் இல்லை. கிரீம் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கம்பெனியை விடுங்கள். உங்கள் வழக்கு மெடிக்கல் மீது.

மங்குக்கு விற்கும் மூன்று மருந்துக் கலவையில் பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% இருக்கும். முதல் இரண்டு முக்கியமாகக் கருமையைக் குறைக்கும். மூன்றாவதுதான் ஸ்டீராய்டு, தொடக்கத்தில் எரிச்சலை அடக்கும், மாதக்கணக்கில் தடவினால் தோலை மெலிய வைக்கும். அட்டையின் இடப்பக்கம் சிவப்புக் கோடும், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது அட்டவணை எச் மருந்து. எச்சரிக்கையை அச்சிட்டுவிட்ட கம்பெனியை மடக்குவது கடினம். அதை மீறி விற்ற கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 86-ஐப் பாருங்கள். தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு. "ஒரு மாசத்துல போயிடும்" என்பது கடைக்காரர் தானாகக் கொடுத்த உறுதி. அதுவும் அதே பிரிவில் வரும். பில் தராததைப் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

பில் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். ஜிபே, போன்பேயில் பணம் கட்டியிருந்தால் பத்து மாதக் கணக்கும் உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். கடைப் பெயர் வரும் வரிகளைக் குறித்துவையுங்கள். எல்லாம் ரொக்கம் என்றால், கடைக்கு உங்களோடு வந்தவரின் பிரமாண வாக்குமூலம் வேண்டும். காலி டியூபையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. போன் படங்களோடு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழை இணையுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் தோல் மருத்துவரின் கடிதத்தில்தான்: நோயின் பெயர், எந்த மருந்தால், இனி என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். வெறும் மருந்துச் சீட்டு போதாது. (கிரீமைத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடலாம், எப்படி நிறுத்துவது என்றும் அவரிடமே கேளுங்கள்.)

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "அவங்களே பேரைச் சொல்லிக் கேட்டாங்க, அளவுக்கு மீறித் தடவினாங்க." தவறான பயன்பாடு விற்பவருக்கு ஒரு தற்காப்பு, நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 87 அதைத் தருகிறது. எத்தனை நாள் தடவ வேண்டும் என்று கடையில் யாருமே சொல்லவில்லை என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். நீங்களே பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டாலும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

முதலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் பலர் அங்கேயே இறங்கிவருவார்கள். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, டியூபுக்குக் கொடுத்த விலையை வைத்தே கட்டணம் கணக்கிடப்படும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. வம்பில்லாமல் இருக்க, கடைசியாக வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

கடையின் உரிமத்தைப் பதம் பார்க்க, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநருக்குத் தனி மனு கொடுங்கள். இழப்பீடு அங்கே கிடைக்காது. ஆனால் ஆய்வாளர் அறிக்கை வந்தால் ஆணையத்தில் கைகொடுக்கும்.

டியூபில் தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லை என்றால் கதை வேறு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளுக்கு விற்றவர்தான் முழுப் பொறுப்பு. அப்படிப்பட்ட கிரீமில் பாதரசம் கலந்திருக்கலாம்; முகப்பூச்சுகளில் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம் பிரிவு 26-இன்படி நீங்களே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அதோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். 2023-இல் மலப்புரத்தில் இத்தகைய கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. லேபிளிலேயே ஸ்டீராய்டு பெயர் அச்சாகியிருந்தால் சோதனை வீண் செலவு.

கடைக்காரர் சமரசம் பேச வந்தால், சிகிச்சைச் செலவு எவ்வளவு என்பது எழுத்தில் கைக்கு வரும்வரை "இனி உரிமை கோரமாட்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.