எமிலி பால்ச் பற்றிக் கேளுங்கள் (நோபல் பணம் தவிர)

பேராசிரியர் வேலையிலிருந்து அமைதி இயக்கத்துக்குப் போன அமெரிக்கப் பெண்மணி எமிலி கிரீன் பால்ச்சின் (1867–1961) வாழ்க்கையும் அவர் விட்டுச்சென்ற காகிதங்களும்தான் இன்றைக்குப் பேச்சு.

கே: அக்கா, முதல் உலகப் போரை எதிர்த்ததால் கல்லூரியிலிருந்து தூக்கினார்கள் என்பது நிஜமா?

நிஜம்தான், ஆனால் ஒரே நாளில் சீட்டைக் கிழிக்கவில்லை, இழுத்தடித்தார்கள். 1896 முதல் வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். 1913-இல் பேராசிரியர், துறைத் தலைவர், ஆனால் ஐந்தாண்டு நியமனம். அது முடிகிற 1918-இல் அவர் விடுப்பில் இருந்தார், போர் எதிர்ப்பு வேலைகளில் மும்முரமாக. அமெரிக்கா போரில் இறங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அறங்காவலர்கள் முடிவை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, போரே முடிந்த பிறகு 1919-இல் நியமனத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அவருக்கு 52 வயது, ஓய்வூதியம் கிடையாது. இதில் எனக்குப் பிடித்தது, வேலை ஊசலாடிக்கொண்டிருக்கும்போதே அவர் கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதம். போரின் வழி கிறிஸ்துவத்தின் வழி அல்ல என்று ஆழமாக நம்புகிறேன் என்கிற பொருளில் போகும். பதவியைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் அந்த நேரத்தில் எழுதுகிற கடிதமா அது?

கே: ஆய்வுக்காக அவருடைய காகிதங்களைப் பார்க்க வேண்டும். எங்கே போவது?

பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் அமைதித் தொகுப்பு. அமைதி இயக்கத் தலைவி ஜேன் ஆடம்ஸ் 1930-இல் தன் காகிதங்களைக் கொடுத்ததில் தொடங்கியது அது. பால்ச்சின் கடிதங்கள், நாட்குறிப்புகள், எழுத்து வரைவுகள் அங்கே, மைக்ரோஃபிலிமும் (சுருக்கிப் படம் எடுத்த சுருள்) உண்டு. வேலை போன விவகாரத்துக்கு வெல்லெஸ்லியின் சொந்தக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும், ஒரு தரப்பை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். பால்ச் பணியாற்றிய பெண்கள் சர்வதேச அமைதி, சுதந்திரச் சங்கத்தின் சர்வதேச அலுவலக ஆவணங்கள் வேண்டுமென்றால் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பெட்டி எண், கோப்பு எண், தேதி இல்லாமல் ஒரு வரியைக்கூட நகலெடுக்காதீர்கள். படம் எடுப்பவர்கள் முதலில் கோப்பின் மேலட்டையை எடுங்கள், அப்புறம் உள்ளே இருப்பதை. ஊர் திரும்பியபின் "இது யாருக்கு எழுதிய கடிதம்?" என்று என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

கே: நோபல் பணத்தை என்ன செய்தார்?

1946 அமைதிப் பரிசு, கிறிஸ்தவ இளைஞர் இயக்கத் தலைவர் ஜான் மாட்டுடன் பாதிப் பாதி. தன் பங்கை மேலே சொன்ன பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்.

கே: இரண்டாம் உலகப் போரை ஏற்றுக்கொண்டவருக்கு அமைதிப் பரிசா? இது இரட்டை வேடம் இல்லையா?

ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்காக அலைந்தவர் அவர். அந்தக் கொடுமையை அருகில் கண்டு, அடிப்படை உரிமைகளைக் காக்க வேறு வழி தெரியாமல், மனமில்லாமல்தான் அந்தப் போரை ஏற்றார். அதே நேரத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்காகவும் நின்றார். இரட்டை வேடம் போடுகிறவர் சொந்த நாட்டு அரசு எதிரியாக்கிய மக்களுக்கு உதவப் போவாரா?

கே: (அதே நண்பர்) கொள்கை என்றால் கொள்கைதானே அக்கா? 1915-இல் ஒரு நியாயம், 1941-இல் ஒரு நியாயமா?

1915-இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குப் போனவர்கள் கேட்டது, நடுநிலை நாடுகள் மத்தியஸ்தம் செய்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று. அதற்காகத்தான் அவர் ஸ்காண்டிநேவியாவுக்கும் ரஷ்யாவுக்கும் தூது போனார். பேசிப் பார்க்கலாம் என்று அவர் நினைத்த போர் அது. ஹிட்லர் விஷயத்தில் அப்படி நினைக்கவில்லை. அவர் முடிவு தப்பு என்று நீங்கள் சொல்லலாம், சங்கத்திலேயே அவரோடு ஒத்துப்போகாத தோழிகள் இருந்தார்கள். ஆனால் மனசாட்சியோடு மல்லுக்கட்டியவரை வேஷக்காரி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதோடு நான்கு பேர் இந்தச் சண்டையில் குதித்துவிட்டார்கள், ஆளுக்கொரு பதில் எழுத என்னால் ஆகாது.

கே: பரிசுத் தொகையை யாருக்குக் கொடுத்தார்?

மேலே பாருங்கள்.

கே: ஹைட்டி அறிக்கை பற்றி யாரும் கேட்கவில்லையே?

நல்லவேளை, நீங்களாவது கேட்டீர்கள்! 1915 முதல் அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்தது. 1926-இல் பால்ச் ஒரு சிறு குழுவோடு நேரில் போனார். குழுவில் இரண்டு கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள், அந்தக் காலத்து அமெரிக்காவில் சாதாரண விஷயமில்லை. பொருளாதாரம் படித்தவர் பார்வை அறிக்கை முழுக்கத் தெரியும்: நிலம், கடன், சாலை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆட்சியை ஹைட்டி மக்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்றது. 1927-இல் அவரே தொகுத்து வெளியிட்டார். படை வெளியேறியது 1934-இல்தான்.

கே: அவர் சொன்னதாக ஒரு பொன்மொழிப் படம் சுற்றுகிறதே, உண்மையா?

எந்தக் கடிதம், எந்தத் தேதி, எந்தப் பெட்டி? படம் அனுப்பியவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

கே: நோபல் பணம்...

அடுத்த கேள்வி.

கே: ஜேன் ஆடம்ஸின் சிஷ்யையா இவர்?

சக ஊழியர், தோழி. ஆடம்ஸ் ஆறு வயதுதான் மூத்தவர். ஜெனீவாவில் சங்கத்தின் முதல் செயலாளராக 1919 முதல் 1922 வரை அலுவலகத்தைக் கட்டி எழுப்பியது பால்ச்தான். இருவர் காகிதங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒருவர் எழுதியதையும் மற்றவர் பதிலையும் அங்கேயே சேர்த்துப் பார்க்கலாம். ஸ்வார்த்மோர் போகிறவர்கள் இருவர் காகிதங்களின் பட்டியலையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு போங்கள்.