நாய்க்கு உண்ணி: கடையில் விற்கும் தைலம் தடவலாமா? இயற்கை வைத்தியம் என்ன இருக்கிறது? (கோத்தகிரி)

தடவாதீர்கள். 'இயற்கைதானே' என்று உடனே சண்டைக்கு வருபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் எந்த மருந்துக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை.

மலைக் கடைகளில் 'தைலம்' என்ற பெயரில் பல போத்தல்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் கேட்பது யூகலிப்டஸ் தைலமாக இருக்கும். மனிதன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு தூங்கிவிடுவான், நாயோ தடவிய இடத்தை நக்கித் தீர்த்துவிடும். வயிற்றுக்குள் போனால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், நடை தள்ளாடும். பக்கத்துப் போத்தலான விண்டர்கிரீன் இன்னும் மோசம். குளிரில் பின்னங்கால் இழுக்கும் கிழநாய்க்குப் பலர் இதைத்தான் தேய்க்கிறார்கள். கலப்படமில்லாத விண்டர்கிரீன் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். கால்வலிக்குத் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை பத்து நிமிடம் வைத்தால் போதும். படுக்கும் சாக்குக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள்.

ஏற்கெனவே தடவிவிட்டீர்களா? வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு இரண்டு முறை கழுவுங்கள். நக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அடுத்து யாராவது பூண்டு சொல்வார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதற்காக நாயின் ரத்தச் சிவப்பணு அதற்கு மரியாதை கொடுக்காது. பூண்டும் வெங்காயமும் அந்த அணுக்களை உடைக்கும். அதுவும் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகைக்கும் இதே அடையாளங்கள்தான். உண்ணிக்கென்று பூண்டு கொடுத்தால், வந்தது காய்ச்சலா பூண்டா என்று டாக்டரே திணறுவார்.

சரி, என்ன செய்யலாம்? கையால் எடுப்பதுதான் முதல் வைத்தியம். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி என்று தினமும் தடவிப் பாருங்கள். நுனி மெல்லிய ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்கவும். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே முறிந்து சீழ் வைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். தோல் வெந்துபோகும், தொந்தரவுக்கு ஆளான உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள் கக்கவும் கூடும். நோய்க் கிருமி அந்த எச்சிலில்தான் வருகிறது. எடுத்ததை நகத்தில் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். கடித்த இடத்தைக் கழுவ, ஆறிய அரை லிட்டர் வெந்நீரில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு.

வேப்பிலை? நம் குளிருக்கு வேம்பு சரியாக வராது, மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். இரண்டு கைப்பிடி இலையை இரண்டு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டி, குளித்தபின் மேலே ஊற்றலாம். அரிப்பு கொஞ்சம் தணியும். கடித்துத் தொங்கும் உண்ணி இதற்கெல்லாம் விழாது. உண்ணிச்செடி என்று பெயர் இருப்பதால் அந்த இலையை அரைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. ஆடுமாடு தின்றால் ஈரலைக் கெடுக்கும் செடி அது.

பாதிப் போர் நாயின் உடம்பில் இல்லை, கூண்டில் இருக்கிறது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர்ப் பிளவில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்படி ஓரத்துச் சாக்கில் அதற்குக் கதகதப்புதான். சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவையுங்கள், பிளவுகளைச் சிமெண்டால் அடையுங்கள்.

நாய் சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்து, சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போனால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உடல்சூடு 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் அப்படியே. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது கணக்கில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வியூ பாயிண்டில் காரை நிறுத்தி, தெருநாய்க்கு ஹோம்மேட் சாக்லேட்டை உடைத்துப் போட்டு போட்டோ எடுக்கும் புண்ணியவான்களே, நிறம் கறுக்கக் கறுக்க அதில் நாய்க்கு நஞ்சு அதிகம். நீங்கள் மலை இறங்கிப் போய்விடுவீர்கள், ராத்திரி அது நெஞ்சு படபடத்து வாந்தி எடுப்பதைப் பார்க்கப்போவது நாங்கள்தான். பிஸ்கட் போடுங்களேன்!