ஏரியோரம் மூன்று ஏக்கரா, ஊர் நடுவே இரண்டு ஏக்கரா?

கேள்வி: வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் வட்டத்தில் எங்கள் ஊர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். 60 சென்ட்டில் இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கேட்கிறோம். ஏரியை ஒட்டி 3 ஏக்கர் புறம்போக்கு இருக்கிறது, ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஊருக்கும் காலனிக்கும் நடுவே 2 ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தானமாகத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். எதற்கு முயல்வது?

பதில்: தானமாக வரும் 2 ஏக்கருக்கு. ஏரியோர இடம் பரப்பில் பெரிதாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டைக் கேட்டு, ஏரியோர இடத்தின் புல எண்ணுக்கு (சர்வே எண்) என்ன வகைப்பாடு என்று பாருங்கள். 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால்' என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பள்ளிக்காகவே ஆனாலும் நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்ப நீதிமன்றங்கள் இடம் தருவதில்லை. 'மேய்க்கால்' (மேய்ச்சல் நிலம்) என்றிருந்தால் ஈடாக மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள். கோப்பு வருடக்கணக்கில் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது ஏரித் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அங்கே நிற்கும் கருவேல மரங்களின் அடியில் சேற்றுக் கோடு இன்னும் தெரியக்கூடும். அந்தக் கோட்டுக்குள் வகுப்பறை கட்டக் கூடாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பள்ளி போகும் திசையில்தான் தார்ச்சாலை போகும், தெருவிளக்கு போகும், பின்னாலேயே மனைப்பிரிவுக்காரர் போவார். ஏரிக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு நஞ்சை, ஏரித் தண்ணீரில் பாயும் நெல் வயல். அங்கே மனை விழுந்தால் முதலில் மூடப்படுவது கழனி வாய்க்கால். வாய்க்கால் மூடினால் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் போகாது, மழை பெய்தால் மனைக்குள் தண்ணீர் நிற்கும். இருபது வருடம் கழித்து உங்கள் ஊரில் நெல் இருக்குமா என்பதையும் இந்த ஓர் இடத்தேர்வு தீர்மானிக்கும்.

தூரத்தையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் என்கின்றன. தாளில் ஒன்றரை கிலோமீட்டர் தவறில்லை. ஆனால் வழியில் வீடே இல்லாத ஏரிக்கரைப் பாதையில், சிறப்பு வகுப்பு முடிந்து மாலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பெண் தனியாக வர வேண்டும். பெற்றோர் ஒரு மாதம் பொறுப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள் அல்லது வேன் வரும் தனியார் பள்ளியில் சேர்ப்பார்கள். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை சரிந்தால் உபரி என்று சொல்லி ஆசிரியரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். ஆசிரியர் இல்லை என்று இன்னும் பத்துப் பிள்ளைகள் போவார்கள்.

ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருப்பதை வெறும் வசதி என்று நினைக்காதீர்கள். ஒரு தெருவைக் கடந்துதான் பள்ளிக்கு வர வேண்டும் என்ற நிலை யாருக்கும் இருக்கக் கூடாது. இருளர் குடியிருப்பு இருந்தால் அங்கிருந்தும் நடந்து பார்த்து நேரம் குறியுங்கள்.

இனி தான நிலம். நல்ல மனதோடு கொடுத்த நிலங்களே பிற்காலத்தில் வழக்கில் நிற்கின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பத்திரம் பதிந்தார்கள், பட்டா மாற்றவில்லை. கொடுத்தவர் காலமான பின் வாரிசு தன் பேரில் பட்டா வாங்கி விற்றுவிடுகிறார். எனவே மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று இரண்டையும் முதலில் பாருங்கள். பூர்வீகச் சொத்தானால் பங்குள்ள எல்லோரும், பெண் பிள்ளைகள் உட்பட, கையெழுத்திட வேண்டும். பத்திரம் ஊர்ப் பெரியவர் பேரிலோ அறக்கட்டளை பேரிலோ வேண்டாம், அரசுப் பள்ளிக்கென்றே எழுத வேண்டும். யார் பேருக்கு, எந்த வாசகத்தில் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பதியுங்கள். பதிந்ததும் நில அளவர் உட்பிரிவு செய்து, கல் நட்டு, பட்டா மாறி, அ-பதிவேட்டில் ஏறும்வரை விடாதீர்கள். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 2024 ஜனவரியில் 1 ஏக்கர் 52 சென்ட் கொடுத்ததும் இதே போன்ற தரம் உயர்வுக்குத்தான். மனம் இருப்பவர்கள் இருக்கிறார்கள், காகிதத்தை நாம் சரியாக வைத்திருக்க வேண்டும்.

புல வரைபடத்தில் இன்னொன்றும் பாருங்கள்: நிலத்துக்குப் போகும் வழி பாதைப் புறம்போக்கா, அடுத்தவர் பட்டாவா? இன்று வரப்பில் நடக்க விடுபவர் நாளை வேலி போடலாம். பேருந்தும் தீயணைப்பு வண்டியும் நுழையும் அகலம் தேவை, அடுத்தவர் பட்டாவானால் அந்தத் துண்டையும் அதன் உரிமையாளரிடம் பத்திரமாக எழுதி வாங்குங்கள்.

தரம் உயர்ந்தால் பள்ளி இரண்டாகும். 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளியாகத் தனித் தலைமையாசிரியரோடு நிற்கும், 6 முதல் 10 வரை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும். ஆகவே பழைய 60 சென்ட்டைக் கணக்கில் சேர்க்காமல் 2 ஏக்கருக்குள்ளேயே திட்டமிடுங்கள். 200 மீட்டர் ஓடுதளம் மட்டும் ஏறத்தாழ ஒரு ஏக்கர் எடுக்கும், கபடியும் கைப்பந்தும் அதற்குள் அடங்கும். கட்டடங்களை ஒரு மூலையில் மாடியோடு எழுப்ப வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் வரும் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் சமையல்கூடமும் ஆளுக்கொரு இடத்தில் முளைத்து, பத்து வருடத்தில் மைதானமே இல்லாமல் போன பள்ளிகள் நம் பக்கம் நிறைய. முதலிலேயே வரைபடம் போட்டு, மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிவிடுங்கள்.

கையில் எண்ணிக்கை இல்லாமல் மனு கொடுக்காதீர்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் இருந்தும் தொடக்க வகுப்புகளின் பதிவேட்டில் இருந்தும் பிறந்த ஆண்டுவாரியாகக் குழந்தைகளை எண்ணுங்கள், அடுத்த பத்து வருடத்துக்கான ஆறாம் வகுப்பு அதில் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையையும், அருகில் உள்ள உயர்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சேருங்கள். அடுத்த கிராம சபையில் 'பள்ளிக்கு இடம் வேண்டும்' என்று பொதுவாக எழுத வைக்காமல் புல எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு, எந்தப் பள்ளிக்கு என்று ஐந்தும் தீர்மானத்தில் வரச் செய்யுங்கள். தீர்மான நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.