பூனைக்குட்டிக்குக் கறி மட்டும் போதுமா?

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் மழையில் நனைந்துகிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்தோம். இப்போது பத்து வாரம் இருக்கும் என்கிறார்கள். முதலில் பாலும் தயிர்ச்சோறும் வைத்தோம், வயிற்றுப்போக்கு வந்தது. "பூனை வேட்டைப் பிராணி, பச்சைக் கறிதான் அதற்கு இயற்கையான உணவு" என்று யூடியூபில் பார்த்த என் கணவர், மூன்று வாரமாக எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைப் பச்சையாகவே நறுக்கிக் கொடுக்கிறார். இடையிடையே கொஞ்சம் ஈரல். இரண்டும் தட்டை நக்கித் துடைத்துவிடுகின்றன. ஆனால் ஒரு குட்டி நான்கு நாளாகப் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது; கட்டிலில் ஏறுவதில்லை. பச்சைக் கறியையே சத்துக் குறையாமல் கொடுப்பது எப்படி? வீட்டில் எழுபது வயது மாமியாரும் இரண்டு வயது மகனும் இருக்கிறார்கள்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தக் காலைக் கவனியுங்கள். உணவைப் பற்றிப் பிறகு பேசலாம். குட்டியை இன்றோ நாளையோ கால்நடை மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை குதிக்கவும் ஏறவும் இடமில்லாத சிறிய கூண்டிலோ பெரிய அட்டைப்பெட்டியிலோ வைத்திருங்கள். தூக்கும்போது ஒரு கை மார்பின் அடியிலும் மறு கை பின்பகுதியின் அடியிலும் இருக்கட்டும். காலைத் தாங்காத குட்டியையும் கூடவே கொண்டுபோங்கள். அதுவும் இதே உணவைத்தான் தின்றிருக்கிறது.

நான் சந்தேகப்படுவது அடிபட்ட காலை அல்ல, சுண்ணாம்புச் சத்துக் குறைவை. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது; கால்சியமோ 10 மில்லிகிராமை ஒட்டித்தான். வளரும் பூனைக்குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ கிடைக்க வேண்டும். இங்கே இருபதில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இதயமும் தசையும் இயங்க ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி ரத்தத்துக்கு அனுப்புகிறது. எலும்பு நாளுக்கு நாள் மெலிகிறது. முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் எலும்புக்கும் சுற்றியுள்ள சதைக்கும் நிற வேறுபாடே சரியாகத் தெரியாது. கட்டிலிலிருந்து குதித்தால்கூடக் கால் மடங்கிவிடும். இடுப்பெலும்பு நசுங்கிக் குறுகிப்போன குட்டிகள் வாழ்நாள் முழுவதும் மலச்சிக்கலில் தவிப்பதும் உண்டு.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், குட்டி பார்க்க நன்றாகவே இருக்கும். வயிறு நிறையத் தின்னும், எடை ஏறும், ரோமம் பளபளக்கும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியான அளவையே காட்டும், ஏனென்றால் எலும்பைக் கரைத்துத்தான் உடல் அந்த அளவைக் காப்பாற்றிவருகிறது. ஆகவே 'ரத்தம் நார்மல்' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. பூனை ஊன் தின்றே வாழ வேண்டிய பிராணிதான். தாவரங்களில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்ற அதற்குத் தெரியாது. வெயிலில் படுத்துக் கிடந்தாலும் தோலில் போதிய வைட்டமின் டி உற்பத்தியாகாது. டாரின் என்னும் அமினோ அமிலத்தையும் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. இவையெல்லாம் இரையின் உடலிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் எலியைப் பிடித்த பூனை எலும்பு, ஈரல், இதயம், மூளை என்று ஏறக்குறைய முழு எலியையும் தின்றுவிடுகிறது. கடைக்காரர் தோலுரித்து, எலும்பு நீக்கிக் கொடுக்கும் நெஞ்சுக்கறி அந்த எலியின் ஒரு பகுதிதான். அதிலும் டாரின் குறைவான பகுதி; தொடைக்கறியிலும் இதயத்திலும் அது பல மடங்கு அதிகம். டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை அழிகிறது என்பது 1975இல் தெரியவந்தது. இதயம் பலூன்போல விரிந்து செயலிழக்கிறது என்பதை 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பியான் குழு கண்டுபிடித்தது. பூனை உணவு நிறுவனங்கள் டாரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பச்சைக் கறிக்காரர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஒரு சோதனை உண்டு. 1930களில் கலிஃபோர்னியாவில் பாட்டெங்கர் என்ற மருத்துவர் பத்தாண்டுக் காலம் பூனைகளை வளர்த்துப் பார்த்தார். பச்சை இறைச்சி தின்றவை செழித்தன. சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. உங்கள் கணவர் பார்த்த காணொளியிலும் இது வந்திருந்தால் வியப்பில்லை. பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. சமைக்கும்போது அதில் ஒரு பகுதி சாற்றோடு வெளியேறிவிடும். அந்தச் சாற்றைக் கொட்டாமல், டாரினையும் தனியாகச் சேர்த்துவிட்டால், சமைத்த கறிமேல் அவர்கள் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது.

பச்சைக் கறி மேல் உள்ள குற்றச்சாட்டு அப்படி எளிதில் விழுவதில்லை. கோழிக்கறியில் சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் இருப்பது சாதாரணம். குட்டி நோயில்லாமல் ஓடியாடிக்கொண்டே மலத்தில் கிருமியை வெளியேற்றும். அதே பாதத்தால் உங்கள் மகனின் தலையணையில் நடக்கும். இரண்டு வயதும் எழுபது வயதும் இந்தக் கிருமிகளைத் தாங்கும் வயதுகள் அல்ல. இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வைரஸால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் அது உறுதியானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறைய வைத்த பச்சை இறைச்சி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இறந்ததும் அதே டிசம்பரில்தான். ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்பார்கள். சில நாள் உறைநிலை, இறைச்சியிலுள்ள டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியைக் கொல்லும். சால்மோனெல்லாவையும் பறவைக் காய்ச்சல் வைரஸையும் அது கொல்லாது, பத்திரப்படுத்தியே வைக்கும்.

எனவே பச்சைக் கறியை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு, உங்கள் வீட்டில் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். கறியை நிறுத்தச் சொல்லவில்லை. வேகவைத்து, கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

கணக்கு இதுதான். தொடைக்கறி எலும்பு நீக்கியது, பாதித் தோலோடு 850 கிராம், கோழி இதயம் 100 கிராம் (கடையில் முதல்நாளே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள், கிடைக்காத நாளில் தொடைக்கறியையே கூட்டிக்கொள்ளுங்கள்), கோழி ஈரல் 50 கிராம். ஈரல் இதற்குமேல் வேண்டாம். பூனைகள் ஈரலுக்கு அடிமையாகிவிடும். நாள்தோறும் அதையே தின்றால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் திருப்ப முடியாமல் போகும்.

இவற்றைப் பொடியாகக் கொத்தி, ஒரு பாத்திரத்தில் போட்டு, இட்லிப் பானைக்குள் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். தண்ணீர், உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. பூனையின் சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பு மறைந்ததும் இறக்கிவிடலாம். பாத்திரத்தின் அடியில் தேங்கும் சாறு முழுவதும் கறியோடு சேர வேண்டும். அவித்த முட்டை மஞ்சள்கரு இரண்டு உதிர்த்துப் போடுங்கள். நன்றாக ஆறியபின் டாரின் 1 முதல் 2 கிராம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் கேப்ஸ்யூலில் வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது முட்டை ஓடு. மேலே சொன்ன ஒரு கிலோ கறியில் பாஸ்பரஸ் சுமார் 2,000 மில்லிகிராம், கால்சியம் 100 மில்லிகிராம். ஓட்டின் எடையில் 38 விழுக்காடு அளவுக்குக் கால்சியம். 6 கிராம் ஓட்டுப் பொடி போட்டால் ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் வந்துவிடும், கணக்கு நேராகிறது. ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, வெறும் சட்டியில் வறுத்து, மிக்ஸியின் சிறிய ஜாரில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நாக்கில் வைத்தால் நறநறக்கக் கூடாது. கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள்; கறிக்கும் குட்டிக்கும் அதுவே உதவும்.

இந்த இடத்தில் பலர் கால்சியம் சிரப்புக்குத் தாவுகிறார்கள். பாட்டிலின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். கறியில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பாஸ்பரஸோடு மேலும் பாஸ்பரஸைச் சேர்ப்பதால் விகிதம் அவ்வளவாக நிமிராது. கூடவே மனிதர்களுக்கான வைட்டமின் டி கலந்திருந்தால், ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்கு அது நஞ்சாகவே ஆகலாம்.

இவ்வளவு செய்தும் இந்த உணவு முழுமையாகவில்லை. வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின், மாங்கனீஸ் ஆகியவை இன்னும் குறைவு. அயோடின் உப்பைச் சிட்டிகை போட்டு அந்தக் குறையை அடைக்க முடியாது. வீட்டில் தயாரிக்கும் பூனை உணவுக்கென்றே விற்கும் வைட்டமின்-தாதுக் கலவையை, அதன் மேலட்டையில் உள்ள அளவுப்படி சேர்க்க வேண்டும். அதிலேயே கால்சியம் இருந்தால் முட்டை ஓடு வேண்டாம். டாரின் இருந்தால் டாரின் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் சமையல் குறிப்புகளை நம்பி இந்தக் கலவையைத் தவிர்த்துவிடாதீர்கள். டேவிஸ் ஆய்வாளர்களே 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுப் பூனை உணவுக் குறிப்புகளைச் சோதித்தார்கள். எல்லாச் சத்தும் நிறைந்ததாக ஒன்றுகூடத் தேறவில்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் அடக்கம். எங்கள் தொழிலுக்கு அது பெருமை தரும் செய்தி அல்ல.

இவ்வளவு நிறுத்துக் கொட்டிச் சமைக்க இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு உங்களுக்கு நேரம் இருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். நான் பெரும்பாலான வீடுகளுக்குச் சொல்வது இன்னும் எளிது. நாளின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு குட்டிகளுக்கான முழுமையான உணவாக இருக்கட்டும். மீதி ஒரு பங்கு ஆவியில் வெந்த கறி. அந்த ஒரு பங்குக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. கடையில் வாங்கும்போது உறையில் 'கம்ப்ளீட்' என்றும், குட்டிகளுக்கானது அல்லது வளர்ச்சிப் பருவத்துக்கானது என்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான். மீன் துண்டு மிதக்கும் ஜெல்லிப் பொட்டலங்களில் பல அந்த வகை. காலைத் தாங்கும் குட்டிக்கு மருத்துவர் வேறு சொல்லாதவரை முழுவதுமே இந்த உணவாக இருப்பது நல்லது. எலும்பு முறியாமல் மெலிய மட்டும் செய்திருந்தால், சரியான உணவும் கூண்டு ஓய்வும் சில வாரங்களில் அதைத் தேற்றிவிடும்.

பத்து வாரக் குட்டி ஒரு கிலோவை நெருங்கியிருக்கும். வீட்டுக் கறி உணவானால் நாளுக்கு 130 முதல் 150 கிராம், நான்கு வேளையாக. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 80 முதல் 100 கிராம் கூடியிருந்தால் சரி. சாப்பிட்டும் எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழுவுக்கு மருந்து கொடுக்கவேண்டியிருக்கும்.

மீன் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாரம் ஒருமுறை, வேகவைத்து, முள் நீக்கி. நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால், அவற்றிலுள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். குட்டியின் தலை தொங்கும், வலிப்பு வரும். வெந்த எலும்பு எதுவாக இருந்தாலும் வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடையும்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஆனால் பச்சைக் கறியை இன்றே நிறுத்திவிடலாம்; பழைய நெஞ்சுக்கறியையே வேகவைத்து, புதிய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றிவிடுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். பூனை மூக்கால்தான் ருசி பார்க்கிறது. பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடும் பழக்கம் இந்த வயதில் ஆபத்து. அரை நாள் முழுவதும் ஒன்றும் தொடாத குட்டியை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.