அம்மா அப்பாவோடு முதல் கப்பல் பயணம்: எந்த அறை, என்ன சாப்பாடு, எதில் செலவு?

கேள்வி: எங்களுக்கு ஊர் திருச்சி. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67. பிள்ளைகளின் கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றித் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி வரும். இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். டிராவல்ஸ்காரர் பால்கனி அறைதான் எடுக்க வேண்டும் என்கிறார். அது தேவையா? சாப்பாட்டுக்கு என்ன வழி? இறங்கும்போது எதிர்பாராத பில் வந்து நிற்குமா?

பதில்: பால்கனி தேவையில்லை. அந்தப் பணத்தை இரண்டு காரியங்களுக்குப் போடுங்கள். ஒன்று, கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்குவது. இன்னொன்று, கப்பலில் சரியான இடத்தில் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குவது. வயதானவர்களோடு அடிக்கடி கப்பலில் போய்வருகிறவன் என்பதால் சொல்கிறேன்: என்ன வகை அறை என்பதைவிட, அது எந்தத் தளத்தில், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் உங்கள் அம்மாவின் நான்கு நாட்களைத் தீர்மானிக்கும்.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் எப்படித் தூக்கிப் போடும்? கப்பலிலும் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். உயரப் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறைகளில் அசைவு மிகக் குறைவு. பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கின்றன, விலையும் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு நான் எடுப்பதாக இருந்தால், கீழ்த்தளத்தில் நடுவாக உள்ள ஜன்னல் அறையைத்தான் எடுப்பேன். குமட்டும்போது தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் அடங்கும். அதற்கு ஜன்னல் போதும். நல்ல காற்று வேண்டுமென்றால் திறந்த தளத்துக்கு லிஃப்டில் போய்விடலாம்.

பணம் கட்டுமுன் அந்தக் கப்பலின் தள வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். கப்பல் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கமோ நடன விடுதியோ இருந்தால் நள்ளிரவுவரை அதிரும். இந்த வழியில் போகும் பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம் கொண்டவை. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்வருவதே முழங்கால் வலிக்காரருக்கு ஒரு நடைப்பயிற்சி. அதனால் லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி இருக்கும் அறையாகப் பாருங்கள். லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், ராத்திரி பேச்சுச் சத்தம் ஓயாது. ‘கியாரண்டி’ என்று ஒரு மலிவு விலை காட்டுவார்கள். அதில் அறை எண்ணைக் கம்பெனி தன் இஷ்டப்படி ஒதுக்கும். இளைஞர்களுக்கு அது நல்ல பேரம், உங்கள் அம்மாவுக்கு அது கூடவே கூடாது.

அப்பா அம்மாவுக்கு ஜன்னல் அறை எடுத்துவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு அதே நடைபாதையின் எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத உள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் படுக்கிற உள் அறையில் இரண்டு படுக்கைகள் மேலிருந்து இறங்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பகலில் நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை. விளக்கை அணைத்தால் உள் அறை கும்மிருட்டு, குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை லேசாகத் திறந்து வைத்தால் சரியாகிவிடும். பெரியவர்கள் அறையில் கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போடும்படி புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள். குளியலறை வாசலில் சின்ன மேடு இருக்கும். முதல் நாளே அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள், ராத்திரித் தூக்கத்தில் தடுக்கிவிடும்.

இனி கடல். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம் என்று நிலம் காவலாக நிற்பதால் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். பினாங்கைத் தாண்டினால்தான் அந்தமான் கடல். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அங்கே அலை கூடும். ஆகவே பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போய்வந்துவிடுங்கள். மே கடைசி என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை தொடங்கும், கப்பல் நிரம்பி வழியும், விலையும் ஏறும்.

வாந்தி மாத்திரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். நம் ஊரில் எல்லாரும் கை வைக்கிற அவோமின் உட்பட இந்த வகை மாத்திரைகள் தூக்கம் தரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்களுக்குச் சில ஒத்துக்கொள்ளாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், புறப்படுவதற்குச் சில நாள் முன்பு வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தள்ளாட்டம் வருகிறது என்பது கப்பலில் அல்ல, வீட்டில் தெரிய வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். கடையில் பாக்கெட்டாக விற்கிற இஞ்சி மரப்பா ஒன்றிரண்டு கைப்பையில் இருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் கூடாது.

சாப்பாடு பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளம். பஃபேயில் சாதம், பருப்பு, ஒரு காய்க் குழம்பு, ரொட்டி கிடைத்துவிடும். ஆனால் அங்கே ‘வெஜிடேரியன்’ என்று எழுதிய பண்டத்தில் முட்டை இருக்கலாம். காய்கறி சூப்பின் அடிச்சாறு கோழியாக இருக்கலாம். வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். பலகையைப் பார்த்து எடுக்காமல், பரிமாறுகிறவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நான் எப்போதும் செய்வது இது. முதல் நாள் மாலை, பிரதான உணவுக் கூடம் திறந்த உடனே, கூட்டம் சேருமுன் போய் ஹெட் வெயிட்டரைப் பார்க்கிறேன். “மூத்தவர்கள் இரண்டு பேர், முட்டை இல்லாத இந்திய சைவம், காரம் குறைவாக, நான்கு இரவும் இதே மேஜை” என்று சொல்கிறேன். அவர் சீட்டில் குறித்துக்கொண்டு, “நாளைக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் முக்கியம். மறுநாள் சமையலுக்கு இன்றே சொல்லி வைத்தால், மெனுவில் இல்லாததும் மேஜைக்கு வரும். அப்படிச் சொல்லி, ஒரு பெரியவருக்கு ஆவி பறக்கும் வெறும் சாதம், ஒரு கிண்ணம் தயிர், வேகவைத்த காய், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு என்று கொண்டுவந்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் பெற்றோரும் கூச்சப்பட வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவையுங்கள். ஸ்பூனோடு மல்லுக்கட்டி அரை வயிற்றோடு எழுந்துவிடுகிற பெரியவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் சமைத்த புளியோதரை, சப்பாத்தியை ஏற்றவிட மாட்டார்கள். கடையில் சீல் செய்த பொடி, ஊறுகாய், பிஸ்கட் பொதுவாகப் பிரச்சினையில்லை. பில்டர் காபி கிடைக்காது, இன்ஸ்டன்ட் காபித்தூள் பாக்கெட்டுகள் எடுத்துப்போங்கள். வெந்நீர் பஃபேயில் எந்நேரமும் உண்டு. கெட்டில், இஸ்திரிப்பெட்டி இரண்டும் தடை, சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்வதில்லை.

விசா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்காமல் பலர் தவிக்கிறார்கள். கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பி வருவது, குடிநுழைவுக் கணக்கில் மறுபடி நாட்டுக்குள் நுழைவது. எனவே பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், திரும்பும் நாளிலும் அது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தையும் திரும்பும்போது புதிதாக நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாவது நல்லது. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் கரையில் இறங்காவிட்டாலும் அந்தத் துறைமுகங்களுக்கான தாள்கள் இல்லையென்றால் ஏறவே விடமாட்டார்கள். கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், டிராவல்ஸ்காரரின் வாய்வார்த்தை போதாது. அப்பாவுக்குத் தூக்க மாத்திரையோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ உண்டென்றால் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படலாம். மருத்துவர் சீட்டு, மருந்தின் பொதுப்பெயரோடு, கையில் இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால், விடியற்காலை இறங்கி அன்றே கப்பல் ஏறிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது. அதைவிட, ராத்திரி முழுக்கக் கண்விழித்த 67 வயதுக்காரருக்கு முதல் நாளே தலைசுற்றல் வரும். முந்தைய நாள் தங்கி, காலையில் நிதானமாக மரினா பே குரூஸ் சென்டருக்கு டாக்ஸியில் போங்கள். சக்கர நாற்காலி உதவிக்குப் புக்கிங்கின்போதே சொல்லிவைத்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அறை வாசலுக்கு அவை வந்துசேர மாலையாகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், மாற்றுத்துணி ஒன்று கையோடு இருக்க வேண்டும்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அது கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள். அவசரத்தில் லிஃப்ட் இயங்காது. அம்மாவுக்குப் படி இறங்க முடியாது என்பதை அங்கே நிற்கும் ஊழியரிடம் அப்போதே பதிந்துவையுங்கள், உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள்.

கரையில் இறங்குவதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பினாங்கில் இறங்குங்கள், புக்கெட்டில் அம்மா இறங்க வேண்டாம். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும். வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியா கொஞ்ச தூரம்தான், கார் பிடித்தால் ஐந்து நிமிடம். குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. சுவாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் போங்கள்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கரைக்கு வெளியே நங்கூரம் போடும். சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் பக்கக் கதவில் ஒரு மேடை, அதையொட்டிப் படகு. அலை ஒன்று வரும்போது படகு முழங்கால் உயரம் எழும்பி இறங்கும். இரண்டு ஊழியர்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேடைக்குச் சமமாக வரும் நொடி பார்த்து “இப்போது” என்பார்கள். அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் தயங்கினால் ஆபத்து. அலை கூடினால் படகுச் சேவையையே நிறுத்திவிடுவதும் உண்டு. நீங்களும் பிள்ளைகளும் போய்வாருங்கள். அன்று பாதிக் கப்பல் காலியாக இருக்கும். பெரியவர்களுக்கு நிழலில் நல்ல நாற்காலி, அமைதியான சாப்பாட்டுக் கூடம், கூட்டமில்லாத லிஃப்ட் என்று அந்தப் பயணத்தின் மிக நல்ல நாள் அதுவாகத்தான் இருக்கும்.

நேரத்தில் கவனம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் போன் நான்கு மணி என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. கடைசிப் படகு போயிருக்கும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புங்கள்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். ஊழியர் சன்மானம் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர் சேரும். குழந்தைகளுக்கும் உண்டு. டிராவல்ஸ் சொன்ன தொகையில் இது அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். தண்ணீர், டீ, பஃபே காபி இலவசம். பாட்டில் பானங்களுக்கு விலையோடு சேவைக் கட்டணமும் உண்டு. வைஃபை வேண்டுமானால் கிளம்புமுன் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. எல்லாப் போனையும் ஏறியதும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் பயங்கரமாக வரும். கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை திரும்பிவர நாளாகும். கிரெடிட் கார்டு நல்லது. கப்பல் மருத்துவமனையில் கட்டணம் மிக அதிகம். கப்பல் பயணத்தையும், நோயாளியைக் கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அவசர வெளியேற்றத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் காப்பீடு எடுங்கள், இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுப்பும் காலை மருந்தும் உள்ளே போய்விடாமல் பாருங்கள். கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் வரிசை, குடிநுழைவு, பெட்டி என்று நேரமாகும். திருச்சிக்குத் திரும்பும் விமானத்தை மாலைக்கோ இரவுக்கோ போட்டுக்கொள்ளுங்கள்.